ஸ்டீல்ஹெட்டுக்கு எந்த ஸ்பின்னிங் ராடு வாங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சியாட்டல் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது, ஏரியில் பாஸ் மீன் பிடித்துப் பழக்கம். இந்தக் குளிர்காலத்தில் ஸ்கைகோமிஷ் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீனை முயன்று பார்க்க ஆசை. கையில் 7 அடி மீடியம் ஹெவி பாஸ் ராடு இருக்கிறது, அதுவே போதுமா? புதிதாக வாங்குவதென்றால் என்ன நீளம், என்ன பவர், 200 டாலருக்குள் முடியுமா? 10 வயதுப் பையனும் கூட வருவான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ் ராடு வேண்டாம். 9 அடி அல்லது 9 அடி 6 அங்குலம், மீடியம் பவர், மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 8 முதல் 12 பவுண்ட் தூண்டில் நரம்புக்கு என்று எழுதியிருக்கும், இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு ஒன்று வாங்குங்கள். 200 டாலருக்குள் ரீலும் சேர்த்தே முடியும். ஏன் இந்த எண்கள் என்பதற்குத்தான் மிச்சப் பதில் முழுக்க. காரணம் தெரியாமல் வாங்கினால் கடைக்காரர் வேறு ஒன்றைக் கையில் கொடுத்ததும் மனசு மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

என் முதல் ராடு 8 அடி, மீடியம் ஹெவி, எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். "பெரிய மீன், பலமான ராடு வேண்டும்" என்றார் கடையில் இருந்தவர். எனக்கும் நியாயமாகப் பட்டது. அந்தக் குளிர்காலத்தில் மூன்று ஸ்டீல்ஹெட் மாட்டின, ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை. இரண்டாவதை இன்னும் மறக்கவில்லை. ஜனவரி மாதம், தூறல், தண்ணீர் கலங்கிய பச்சை நிறம். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் பொய் இரை) ஓட்டத்தோடு வளைந்து கரைப்பக்கம் வந்து நின்ற நேரத்தில் பிடித்தது. இரண்டு முறை துள்ளியது, ஐந்து நிமிஷம் இழுபறி. முழங்கால் ஆழத்தில் என் பூட்ஸைக் கண்டதும் ஒரே திருப்பு திருப்பி ஆற்றின் நடுவே பாய்ந்தது. ராடு வளையவில்லை, ரீலின் டிராக் (இழுப்பு மிஞ்சினால் நரம்பை வழுக்கவிடும் பிரேக்) ஒரு கணம் தயங்கியது, "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நரம்பைச் சுற்றி எடுத்து நுனியைப் பார்த்தேன். முடிச்சு நழுவியிருந்தால் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும். இது கத்தரியால் வெட்டினாற்போல் நேராக இருந்தது. முடிச்சில் தப்பில்லை, இழுப்பைத் தாங்காமல் அறுந்திருக்கிறது. அந்த இழுப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டியது ராடு. என் ராடு அதை அப்படியே நரம்பிடம் தள்ளிவிட்டிருந்தது.

பாஸ் ராடு ஏன் சரிவராது என்பதும் இதே கதைதான். பாஸ் ராடு செய்யப்படுவது வேறு வேலைக்கு. பாசிக்குள் கிடக்கும் மீனின் தாடையில் தடித்த முள்ளை ஓங்கிக் குத்தி, தடித்த நரம்பால் பாசியோடு சேர்த்து வெளியே இழுப்பதற்கு. ஸ்டீல்ஹெட்டில் எல்லாம் தலைகீழ். ஓடும் குளிர்ந்த ஆறு, 8 அல்லது 10 பவுண்ட் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் மெல்லிய நரம்புத் துண்டு), எதிர்க்கூர் இல்லாத ஒற்றை முள். நுனியில் பின்னோக்கி நீளும் அந்தச் சின்னக் கூர் இல்லாத முள்ளை இங்கே பல ஆறுகளில் சட்டமே கேட்கிறது. அது மீனின் வாயில் நிற்பது நரம்பு தொய்யாமல் இருக்கும்வரைதான். மீன் தலையை உதறும்போதும் துள்ளும்போதும் விறைப்பான ராடு ஒரு கணம் தொய்வு கொடுக்கும், அடுத்த கணம் வெட்டி இழுக்கும். மென்மையான ராடு வளைந்தபடியே கூடப் போகும், தொய்வுக்கு இடம் தராது.

மீனைப் பற்றியும் இரண்டு வரி. ஸ்டீல்ஹெட் தனி இனமல்ல, ரெயின்போ ட்ரௌட்டேதான். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ட்ரௌட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரௌட்டும் இதே இனம்தான், கடலைப் பார்க்காத தாயாதி. சால்மன் மாதிரி முட்டையிட்டதும் எல்லாம் செத்துப்போவதில்லை, சில திரும்பவும் கடலுக்குப் போகும். ஸ்கைகோமிஷில் உங்களுக்கு மாட்டக்கூடிய பண்ணை மீன்கள் (பண்ணையில் பொரித்து வளர்த்து ஆற்றில் விடுபவை) பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டுக்குள் இருக்கும். காட்டு மீன் இன்னும் பெரிதாக வரலாம். 10 பவுண்ட் என்பது பயப்படும் எடையல்ல. ஆனால் அந்த 10 பவுண்டுக்குப் பின்னால் ஆற்றின் ஓட்டமும் சேர்ந்து இழுக்கும். அதனால்தான் எடையை மட்டும் வைத்து ராடு தேர்ந்தெடுப்பவர்கள் தவறிவிடுகிறார்கள்.

சரி, நீளத்துக்கு வருவோம். 9 அடிக்கு மேல் ஏன்? தூரம் வீசுவதற்கு என்று பலர் நினைப்பார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. ஆற்றில் உங்களுக்கும் தக்கைக்கும் நடுவே மூன்று நான்கு வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது. கரையோரம் மெதுவாக, நடுவில் வேகமாக, அந்தப் பக்கம் மறுபடி மெதுவாக. மீன் கிடப்பது வேகமும் மந்தமும் சேரும் விளிம்பில். நரம்பு தண்ணீர்மேல் படுத்தால் நடு ஓட்டம் அதை வில்லாக வளைத்து, தக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கீழே இரை ஓட்டத்தைவிட வேகமாக ஓடும், மீன் தொடாது. நீளமான ராடு இருந்தால் நரம்பில் பெரும்பகுதியைத் தண்ணீரைத் தொடவிடாமல் தூக்கிப் பிடிக்கலாம், படுத்த பகுதியை ஒரு சுழற்றில் எடுத்து ஓட்டம் வரும் பக்கம் போடலாம். 7 அடி ராடை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிஷத்தில் தோள்பட்டை வலி எடுக்கும்.

அப்படியென்றால் 13 அடி இன்னும் நல்லதா? காணொளிகளில் அவ்வளவு நீளத்தைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல மிச்சிகன், ஒஹாயோ, ஒன்டாரியோ பக்கம் எடுத்தவை. அங்குள்ள பெரிய ஏரிகளில் ஸ்டீல்ஹெட் இயற்கையாக இருந்ததில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுபோய் 1876இல் மிச்சிகனின் ஆ சேபிள் ஆற்றில் விட்டார்கள், அப்புறம் மற்ற ஏரிகளுக்கும் பரவியது. அங்கே பல ஆறுகள் சின்னவை, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, லீடர் 4, 6 பவுண்ட் என்று மெல்லிசாகக் கட்டுகிறார்கள். அந்த மெல்லிய நரம்பைக் காப்பாற்றத்தான் 11, 13 அடி நீளமும் நூடுல்ஸ் மாதிரி வளைவும். உங்கள் ஆறு வேறு. ஸ்கைகோமிஷ் பெரிய ஆறு, குளிர்காலத்தில் பெரும்பாலும் கொஞ்சமாவது கலங்கல் இருக்கும், 10 பவுண்ட் லீடரைப் பார்த்து மீன் மிரளாது. கரையில் மரங்களும் பிளாக்பெர்ரி முள்புதரும் அடர்ந்திருக்கும். 13 அடி ராடோடு அந்தப் புதருக்குள் புகுந்து வெளியே வந்தால் நுனி மிஞ்சினால் அதிர்ஷ்டம். டோக்குல் கிரீக் மாதிரி குறுகிய ஓடைக்குப் போனால் 8 அடி 6 அங்குலமே சௌகரியம். ஒரே ராடு என்றால் 9 அடி 6, பையனும் அதையே பிடிப்பான் என்றால் 9 அடி.

பவரையும் ஆக்‌ஷனையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எங்கே வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதிவரை வளைந்தால் மாடரேட், நடுவில் இருப்பது மாடரேட் ஃபாஸ்ட். எந்த ஆக்‌ஷன் வேண்டும் என்பது நீங்கள் எப்படி மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கேட்காத கேள்வியும் இதுதான். மூன்று முறைகள் இங்கே சாதாரணம்.

ஈயத்தை ஆற்றின் அடியில் தட்டித் தட்டி உருட்டுவது ஒன்று. இதில் கல்லில் ஈயம் தட்டுவதும் மீன் வாயில் எடுப்பதும் கையில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கல் "டக் டக்" என்று ஒரே தாளத்தில் போகும். மீன் எடுத்தால் பெரும்பாலும் தட்டாது, தாளம் நின்றுபோகும், சும்மா கனமாக இருக்கும். அந்த நிற்பைச் சொல்லும் கூர்மை ஃபாஸ்ட் நுனியில்தான் உண்டு. இது பழகப் பல நாள் ஆகும். ஈயமும் நிறையத் தொலையும்.

இரண்டாவது ஸ்பூன், ஸ்பின்னர் (சுழலும் தகடு உள்ள பொய் இரை). ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, வளைந்து கரைப்பக்கம் வரும்வரை இறுக்கமான நரம்பில் விடுவது. மீன் பின்னாலிருந்து வந்து அடித்துத் திரும்பும். அப்போது விறைப்பான நுனி இருந்தால் வாய் மூடும் முன்னே உலோகத்தைப் பிடுங்கிவிடும். மாடரேட் பக்கம் சாய்ந்த ராடு ஒரு கணம் விட்டுக்கொடுக்கும், மீன் தானே மாட்டிக்கொள்ளும். மூன்றாவது தக்கை. தூண்டில்காரனுக்குத் தக்கை மேலேதான் கண் என்று நம் ஊரில் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். கையில் எதுவும் தெரிய வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தால் போதும். இதற்கு நீளம் முக்கியம், நுனியின் கூர்மை அவ்வளவு முக்கியமில்லை.

பையனோடு போகப்போகிறீர்கள், புதுசு, ஸ்பின்னிங் ரீல். தக்கையில் தொடங்குங்கள், கை குளிர்ந்தால் நடுவே ஸ்பூன் வீசுங்கள். இந்த இரண்டுக்கும் மாடரேட் ஃபாஸ்ட் நன்றாகப் போகும், ஈயத்துக்கும் சமாளிக்கும். ஃபாஸ்ட் வாங்கிவிட்டாலும் குடிமுழுகாது. எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் மட்டும் வேண்டாம்.

இதில் நரம்புக்கும் ஒரு பங்கு உண்டு, யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நைலான் நரம்பு, அதாவது நம் ஊர்த் தங்கூஸ், ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். பின்னல் நரம்பு நீளவே நீளாது. ஆனால் மிதக்கும், மெல்லிசு, தக்கைக்கு அதைவிடச் சௌகரியம் இல்லை. இன்று பெரும்பாலோர் பின்னலைத்தான் சுற்றுகிறார்கள். நரம்பு கொடுக்காத நெகிழ்வை வேறு யார் கொடுப்பது? ராடுதான். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நைலான் போட்டுப் பழகியவர் "மீடியம் ஹெவி எடு" என்று சொன்னால் அவர் காலத்துக்கு அது சரி. பின்னல் சுற்றப்போகிற நீங்கள் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

ராடில் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். "8-12 எல்பி" என்பது நரம்பு அறும் பலம். "3/8-3/4 அவுன்ஸ்" என்பது வீசும் எடை, ஏறக்குறைய 10 முதல் 21 கிராம். உங்களுக்கு இந்த அளவு கச்சிதம். 1/4 அவுன்ஸில் தொடங்கினாலும் நல்லதே, தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும் நாளில் சின்ன ஸ்பின்னர் வீச முடியும். 30 பவுண்ட் பின்னல் போட்டால் 8-12 ராடு உடைந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்தப் பின்னலின் தடிமன் 8 பவுண்ட் நைலான் அளவுதான், வளையங்களில் சுகமாக ஓடும். லீடர் 10 பவுண்ட் என்றால் முதலில் அறுவது அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. பாறையில் முள் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நரம்புக்கு நேராக நீட்டி, ஒரு குச்சியில் நரம்பைச் சுற்றி, பின்னால் நடந்து அறுத்துவிடுங்கள். வெறும் விரலில் சுற்றினால் விரல் போகும்.

மாடல் எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல கம்பெனிகளில் 96 என்றால் 9 அடி 6 அங்குலம். ஆனால் ஜி. லூமிஸ் நீளத்தை அங்குலமாகவே எழுதுவது வழக்கம், அங்கே 9 அடி 6 என்பது 114 என்று தொடங்கும். பழைய ராடை யாரிடமாவது வாங்கும்போது 102 என்பதை 10 அடி 2 என்று படித்து ஏமாறாதீர்கள், அது 8 அடி 6. எம்எல் என்றால் மீடியம் லைட், எம்எச் என்றால் மீடியம் ஹெவி. கடைசியில் 2 இருந்தால் இரண்டு துண்டு.

இரண்டு துண்டு ராடு பலவீனம் என்பது பழங்கதை. 9 அடி 6 ஒற்றைத் துண்டை உங்கள் காரில் எப்படி வைப்பீர்கள்? ஆனால் இணைப்பைக் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க வீசும்போது மேல்துண்டு மெல்லத் திரும்பித் தளரும். மணிக்கு ஒருமுறை வளையங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வீச்சில் மேல்துண்டு ஆற்றுக்குள் பறக்கும், பார்த்திருக்கிறேன்.

பணம். ஓகுமா கம்பெனியின் சிலிலோ வரிசை மலிவு, தொடங்குபவர்களுக்கு நானே அதைத்தான் கைகாட்டுவேன். பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிலிலோ என்பது கொலம்பியா ஆற்றில் இருந்த அருவி. பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சால்மன் பிடித்த இடம். டேல்ஸ் அணை கட்டியபோது 1957இல் நீரில் மூழ்கிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் லாமிக்லாஸ், செயின்ட் குரோய் இவற்றின் கீழ்மட்ட வரிசைகளைப் பாருங்கள். ஜி. லூமிஸ் இதே மாநிலத்தில் வுட்லண்டில் செய்யும் உயர்ந்த ராடுகள் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது, இறகு மாதிரி. ஆனால் விலை பல நூறு டாலர். கார் கதவில் நசுங்கும்போது 80 டாலர் ராடும் 400 டாலர் ராடும் ஒரே சத்தம்தான் போடும். முதல் இரண்டு வருஷத்துக்கு வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல மழைச்சட்டை வாங்குங்கள், அது மீனைவிட அவசியம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? ரீலைக் கொண்டுபோங்கள், அல்லது கடையில் உள்ள 3000 அளவு ரீலை மாட்டச் சொல்லுங்கள். ரீல் தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பிடித்தால் நுனி தொப்பென்று தரையை நோக்கி விழக்கூடாது. நீள ராடுகளில் கொஞ்சம் விழத்தான் செய்யும், அதிகம் விழுந்தால் மாலையில் மணிக்கட்டு வலிக்கும். கைப்பிடி கார்க்கா ஃபோமா என்பது அவரவர் விருப்பம். எனக்குக் குளிரில் கார்க் பிடிக்கும். பின்பக்கக் கைப்பிடியின் நீளத்தைக் கவனியுங்கள், கனமான கோட் போட்டுக்கொண்டு வீசும்போது அது விலாவில் இடிக்கும். வளையங்களின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, நரம்பை அறுக்கும். நுனியை உத்தரத்தில் அழுத்தி வளைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம். ராடு மீனிடம் அப்படி வளைவதே இல்லை, கடையில்தான் உடையும்.

ஆற்றில் உடைவதும் பெரும்பாலும் கடைசி நிமிஷத்தில்தான். மீன் காலடிக்கு வந்ததும் ராடை தலைக்கு மேலே நிமிர்த்தித் தூக்குவார்கள். பாரம் முழுக்க மெல்லிய நுனியில் விழும், முறியும். 9 அடி ராடில் இந்த ஆசை இன்னும் அதிகம். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, பின்னால் நடந்து, மீனை ஆழமில்லாத தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். வலை பையன் கையில் இருக்கட்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சதைத் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டு ஆறிய தழும்பாக இருந்தால் பண்ணை மீன், முழுசாக இருந்தால் காட்டு மீன். காட்டு மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே விட்டுவிட வேண்டும், படம் எடுப்பதற்குக்கூடத் தூக்கக்கூடாது. சியாட்டலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடல்கழியில் சேரும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007இலிருந்து கூட்டாட்சி அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. எந்த ஆறு திறந்திருக்கிறது, இரை போடலாமா என்பதெல்லாம் பருவத்தின் நடுவிலேயே மாறும், கிளம்பும் அன்று காலையில் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு லைசன்ஸ் வேண்டும். பையனுக்கு 15 வயது ஆகாததால் லைசன்ஸ் தேவையில்லை, ஆனால் ஸ்டீல்ஹெட்டுக்கான பிடிப்புப் பதிவு அட்டை அவனுக்கும் வேண்டும்.

ராடு வந்ததும் நேராக ஆற்றுக்கு ஓடாதீர்கள். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் எடை பார்க்கும் தராசு வீட்டில் கட்டாயம் இருக்கும். 10 பவுண்ட் லீடரின் நுனியில் அதை மாட்டி, ராடை வளைத்து இழுத்து, தராசு 1.3 கிலோ காட்டும்போது டிராக் வழுக்கத் தொடங்குமாறு திருகி வையுங்கள். அப்புறம் தராசைக் கழற்றி, முள் எதுவும் கட்டாமல், நரம்பின் நுனியைப் பையன் கையில் கொடுத்து (கையுறை போட்டுக்கொள்ளட்டும்) கொல்லைப்புறத்தில் ஓடச் சொல்லுங்கள். திடீரென்று நிற்கட்டும், உதறட்டும், உங்களை நோக்கித் திரும்பி ஓடிவரட்டும். அவன் நிற்கும்போதும் ராடில் வளைவு மிச்சம் இருக்கிறதா, உங்களை நோக்கி வரும்போது தொய்யாமல் சுற்ற முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ராடை அவனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஓடுங்கள்.